வேலை தேடும் காலமும் நேர்முகத் தேர்வும்

2022 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மக்களவையில் எழுப்பப்பெற்ற வினா ஒன்றுக்கு மத்திய அரசு அளித்த விடையில் இரண்டு எண்கள் இடம்பெற்றன. 2014-15 முதல் 2021-22 முடிய எட்டு ஆண்டுகளில் மத்திய அரசுப் பணிகளுக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 22 கோடியே 6 இலட்சம். அதே காலத்தில் பணியில் அமர்த்தப் பரிந்துரைக்கப்பெற்றோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 22 ஆயிரம். ஓர் இடத்திற்கு 305 விண்ணப்பங்கள் என்று கணக்காகிறது.

இந்த எண்ணைக் காண்போர் இரு வகையாக மயங்குகின்றனர். பெற்றோர் மனம் தளர்கின்றனர். பயிற்சி நிலையங்களோ இதனையே விளம்பரமாக்கி, தங்களிடம் வந்தாலன்றி வழியில்லை என்கின்றன. விண்ணப்பங்களின் எண்ணிக்கை வேறு, விண்ணப்பிக்கும் மனிதர்களின் எண்ணிக்கை வேறு என்பதை இரு சாராரும் கருதுவதில்லை. ஒரே பட்டதாரி அதே ஆண்டில் இரயில்வேக்கும், வங்கிக்கும், பணியாளர் தேர்வு ஆணையத்திற்கும் விண்ணப்பிக்கிறார். தேர்வுக் கட்டணம் குறைவு. பலருக்கு அதுவும் விலக்கு. எனவே விண்ணப்பம் அனுப்புவோர் அனைவரும் போட்டியாளர் ஆகார்.

2023 ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பித்தோர் 10,16,850 பேர். முதல்நிலைத் தேர்வை எழுத வந்தோர் 5,92,141 பேர். அதாவது பத்துப் பேரில் நால்வர் தேர்வுக் கூடத்திற்கே வரவில்லை. முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 14,624 பேர். ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பெற்றோர் 2,855 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பெற்றோர் 1,016 பேர். முதற்கட்டத்தில் நாற்பது பேருக்கு ஒருவர் என்ற அளவில் சலிக்கும் சல்லடை, இறுதிக் கட்டத்தில் மூவருக்கு ஒருவர் என்ற அளவிலேயே சலிக்கிறது. நேர்முகத் தேர்வைப் பற்றி மாணவர்களிடையே நிலவும் அச்சம் அதன் உண்மையான கடுமைக்குப் பொருந்தாத ஒன்று. அதற்கு முந்திய ஆண்டுகள் எவ்வாறு கழிகின்றன என்பதே பெரிய வினா. நேர்முகத் தேர்வில் சொல்வதற்கு ஏதேனும் இருக்குமா, இராதா என்பதும் அந்த ஆண்டுகளிலேயே முடிவாகிவிடுகிறது.

காத்திருப்பின் பொருளாதாரம்

நம் நாட்டில் படித்தோரிடையே வேலையின்மை மிகுதி என்பது புதிய செய்தியன்று. பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் தில்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிலையமும் 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4 விழுக்காடு. கல்வி வேலையைத் தடுக்கிறது என்று இதற்குப் பொருளன்று. வேலையின்றி இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். ஏழைத் தொழிலாளி ஒரு வாரம்கூட வேலையின்றி இருக்க இயலாது. கிடைத்த கூலிக்குச் செல்கிறார், புள்ளிவிவரத்தில் வேலையுள்ளவராகிறார். பட்டதாரியை அவர் குடும்பம் தாங்குகிறது. மேலை நாடுகளில் அரசு வழங்கும் வேலையின்மைக் காப்பீட்டை இங்கே தந்தையின் ஓய்வூதியமும், அண்ணனின் சம்பளமும், விற்ற நிலத்தின் பணமும் வழங்குகின்றன. 1969-இல் மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்ட், மொரீன் உட்ஹால் ஆகிய மூவரும் இந்தியப் பட்டதாரிகளின் வேலையின்மைக்கான காரணங்களை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். நல்ல வேலைக்காகப் பட்டதாரிகள் காத்திருக்கும் காலத்தைப் பற்றிய ஆய்வு அதில் முக்கிய இடம் பெற்றது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தக் காத்திருப்பு மாறவில்லை. நீண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

பட்டதாரி தேடும் வகையான வேலை நாட்டில் எவ்வளவு உள்ளது என்பதையும் நோக்க வேண்டும். 2023-24 ஆம் ஆண்டுக்கான காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலையிலிருப்போரில் முறையான மாதச் சம்பளம் பெறுவோர் 21.7 விழுக்காட்டினர். ஐவரில் மூவருக்குச் சற்றுக் குறைவானோர் சொந்தத் தொழில் செய்வோர், எஞ்சியோர் நாட்கூலியர். ஆகவே சம்பள வேலை ஒன்றையே வேலை என்று கருதும் இளைஞர் நாட்டின் வேலைகளில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே கண்ணெதிரே வைத்துக்கொள்கிறார். அவற்றுள்ளும் அரசுப் பணி மட்டுமே வேண்டும் என்பாருக்கு வாயில் மேலும் குறுகிவிடுகிறது.

தில்லியின் முகர்ஜி நகரிலும், பாட்னாவின் முசல்லாபூர் ஹாட்டிலும், பிரயாக்ராஜின் மாணவர் விடுதிப் பகுதிகளிலும் இந்தக் காத்திருப்பைக் கண்ணாரக் காணலாம். ஓர் அறையை மூவர் பகிர்ந்துகொள்கின்றனர். படிப்பதற்குத் தனியே 'நூலகம்' என்ற பெயரில் இருக்கை வாடகைக்குக் கிடைக்கிறது. அங்கே நூல்கள் இருப்பது அரிது, மேசையும் விளக்கும் மட்டுமே இருக்கும். அறை வாடகை, உணவு விடுதிக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றைக் குடும்பங்கள் கணக்கிடுகின்றன. கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. இருபத்து நான்கு வயதில் ஏதேனும் ஒரு வேலையில் சேர்ந்திருந்தால் இருபத்தெட்டு வயதில் கைவந்திருக்கக்கூடிய தொழில் அனுபவமே அது. பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்பர். இரசீது இல்லாத செலவு என்பதால் எவரும் இதனை எழுதி வைப்பதில்லை.

குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர் 32 வயது வரை ஆறு முறை முயலலாம் என்பது விதி. பிற்பட்ட வகுப்பினர்க்கு 35 வயதும் ஒன்பது முறையும் உண்டு. விதி அனுமதிக்கும் எல்லை வேறு, ஒருவர் தமக்கு வகுத்துக்கொள்ளும் எல்லை வேறு. எத்தனை முறை எழுதுவது, எந்த ஆண்டோடு நிறுத்துவது என்பதைத் தொடங்கும்போதே குடும்பத்தாருடன் பேசி முடிவு செய்துகொள்வது நலம். நான்காம் தோல்விக்குப் பின் அமர்ந்து யோசித்தால், 'இவ்வளவு செலவழித்த பின்னரா விடுவது?' என்னும் எண்ணமே வெல்லும். சென்ற செலவு திரும்பாது. அதை வைத்து அடுத்த ஆண்டை முடிவு செய்வது கணக்கறிந்தவர் செய்யும் செயலன்று.

தேடும் இடங்கள்

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-இல், உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பெற்றோரை மீளக் குடியமர்த்தும் நோக்கத்துடன் தோன்றின. பின்னர் அனைவருக்கும் திறந்துவிடப்பெற்று, 1956 நவம்பரில் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பெற்றது. 1959 ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடங்களை இவ்வலுவலகங்களுக்கு அறிவிக்குமாறு பொதுத் துறையையும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் கட்டாயப்படுத்தியது. அறிவிப்பதைத்தான் கட்டாயப்படுத்தியதேயன்றி, அலுவலகம் அனுப்பும் பெயர்ப் பட்டியலிலிருந்தே ஆளெடுக்க வேண்டும் என்று அது கூறவில்லை. 1987-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. 1996-இல் மற்றொரு வழக்கில், வேலைவாய்ப்பு அலுவலகத்தோடு நில்லாமல் செய்தித்தாள் முதலியவற்றிலும் விளம்பரம் செய்து பிறரையும் கருதவேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறிற்று. 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொருள் 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. ஆயினும், பதிவு அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் மூப்பு வரிசையில் ஒரு நாள் அழைப்பு வரும் என்று நம்பி இருப்போர் இன்றும் உளர். பதிவு செய்வது தேவை. அதையே முயற்சியாகக் கருதுவது தவறு.

2015 ஜூலையில் தொடங்கப்பெற்ற தேசிய வாழ்க்கைத்தொழில் சேவைத் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். 1961 ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தைப் பட்டதாரிகள் பலர் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்க்கே உரியதென எண்ணுகின்றனர். 1973-இல் செய்யப்பெற்ற திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும், 2014-இல் செய்யப்பெற்ற திருத்தம் கலை, அறிவியல், வணிகவியல் போன்ற பிற பட்டதாரிகளையும் அதன் வரம்பில் கொண்டுவந்தன. உதவித்தொகை சிறிதாயினும், ஓராண்டு ஒரு நிறுவனத்தின் உள்ளே இருந்து காணும் வாய்ப்பு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிட்டாது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் இறுதிக் கட்டம் வரை வந்து தெரிவு பெறாதோர் விவரங்களை, அவர்களுடைய இசைவுடன், பிற நிறுவனங்கள் காணச் செய்யும் ஏற்பாடும் 'பிரதிபா சேது' என்னும் பெயரில் உள்ளது. விண்ணப்பத்தில் அதற்கான இசைவைத் தராமல் விடுவோர் தமக்குத் தாமே ஒரு கதவை அடைத்துக்கொள்கின்றனர்.

வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்போர் எல்லாக் காலத்திலும் இருந்தனர், இன்றும் உளர். அரசுத் தேர்வில் அறிவிக்கப்பெற்ற தேர்வுக் கட்டணமன்றி வேறு தொகை எதுவும், எந்தக் கட்டத்திலும், எவருக்கும் செலுத்தவேண்டியதில்லை.

நேர்முகத் தேர்வின் எல்லை

பல பணிகளுக்கு இன்று நேர்முகத் தேர்வே இல்லை. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் அது நீக்கப்பெற்றது. தட்டச்சு போன்ற திறன் தேர்வுகள் மட்டும் தொடர்கின்றன. வங்கி எழுத்தர் பணிக்கும் நேர்முகம் கிடையாது. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் அதிகாரிப் பணித் தேர்வில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்திற்கு 20 என்னும் விகிதம் உள்ளது. குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் நேர்முகத்திற்கு 275. இது 13.6 விழுக்காடு. அதற்கெனத் தனியே குறைந்தபட்ச மதிப்பெண் எதுவும் வகுக்கப்பெறவில்லை.

இந்தச் சிறு பங்கு தற்செயலாக அமைந்ததன்று. 1981-இல் அஜய் ஹாசியா வழக்கில், காஷ்மீரப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் சேர்க்கையை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடமே பேசி, பெற்றோர் யார், ஊர் எது என்று கேட்டதைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை முடிவு செய்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை; அத்தகைய சேர்க்கையில் நேர்முகத்தின் பங்கு 15 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்றது. 1985-இல் அசோக் குமார் யாதவ் வழக்கில், அரியானா மாநிலப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினர்க்கு நேர்முகத்தின் பங்கு 22.2 விழுக்காடாக இருந்தது மிகுதி எனக் கண்டு, மத்தியத் தேர்வாணையம் அப்போது பின்பற்றிய 12.2 விழுக்காட்டை அளவுகோலாகக் காட்டியது. சிபாரிசு நுழையும் வழி எது என்பதை நீதிமன்றங்கள் நன்கு அறிந்திருந்தன.

ஆயத்தம் செய்யும் முறை

குடிமைப் பணித் தேர்வின் அறிவிக்கையை மாணவர்கள் பாடத்திட்டத்திற்காக மட்டுமே படிக்கின்றனர். நேர்முகத்தைப் பற்றி அதில் உள்ள சில வரிகளைப் படிப்போர் குறைவு. எழுத்துத் தேர்வில் சோதிக்கப்பெற்ற பொது அறிவையோ சிறப்பறிவையோ மீண்டும் சோதிப்பது அதன் நோக்கமன்று என்றும், குறுக்கு விசாரணை போலன்றி இயல்பான, ஆனால் நோக்கமுடைய உரையாடலாக அது அமையும் என்றும் அவ்வரிகள் தெரிவிக்கின்றன. குழுவினர் முன் விண்ணப்பதாரரின் எழுத்துத் தேர்வு மதிப்பெண் வைக்கப்பெறுவதில்லை. வைக்கப்பெறுவது அவரே நிரப்பிய விரிவான விண்ணப்பப் படிவம். பிறந்த ஊர், படித்த பள்ளி, பட்டப் பாடம், செய்த வேலை, பொழுதுபோக்கு ஆகியவையே உரையாடலின் தொடக்கம்.

இந்தப் படிவத்தை மாணவர்கள் பிறருடைய படிவத்தைப் பார்த்து நிரப்புகின்றனர். 'நூல் படித்தல்' என்று எழுதியவரிடம் அண்மையில் படித்த நூலைக் கேட்டால் தேர்வுக்குரிய பாட நூலைச் சொல்கிறார். தெரிந்ததை மறைப்பது இதனினும் பெரிய தவறு. இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் அமர்ந்திருந்தபோது, வட மாநிலச் சந்தை நகரம் ஒன்றிலிருந்து வணிகவியல் பட்டதாரி ஒருவர் வந்தார். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வணிகம்' என்றிருந்தது. சந்தையில் விலை எவ்வாறு அமைகிறது என்று கேட்டபோது பாட நூலின் இலக்கணத்தை ஒப்பித்தார். என்ன வணிகம் என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். 'சிறு வணிகம்' என்றார். மீண்டும் கேட்டபோதுதான், தந்தை காய்கறி மண்டியில் தரகுக் கடை ஒன்றில் பணிபுரிந்து, பின்னர்த் தாமே சில்லறைக் கடை வைத்தவர் என்பது தெரிந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

அதன் பின் நடந்தது வேறு. விடியுமுன் லாரிகள் வருவதும், ஏலம் நடப்பதும், தரகும் இறக்குகூலியும் கழிவும் எப்படிப் பிடிக்கப்படுகின்றன என்பதும் தடையின்றி வந்தன. தக்காளியை மாலை வரை வைத்திருக்க முடியாது. ஆகவே ஐந்து மணிக்குச் சொன்ன விலை ஒன்பது மணிக்குப் பாதியாகலாம். உருளைக்கிழங்கு குளிர்பதனக் கிடங்குக்குப் போய்விடும். அதை வைத்திருப்பவன் விலைக்குக் காத்திருப்பான். சேமிப்பு வசதி விலையின் ஏற்றத்தாழ்வை எவ்வாறு மட்டுப்படுத்துகிறது என்பதற்கு இதனினும் நல்ல விளக்கத்தை இக்கட்டுரையாளர் கல்லூரி வகுப்பில் கேட்டதில்லை. அந்த ஐந்து நிமிடங்களால் குழுவின் கருத்து முழுவதும் மாறியது. தாமே தொடக்கத்தில் சொல்லியிருக்கலாம் அல்லவா என்று தலைவர் கேட்டார். பயிற்சி நிலையத்தில் 'வணிகம்' என்று மட்டும் எழுதச் சொன்னார்கள் என்று அவர் விடையளித்தார்.

ஆகவே முதல் ஆயத்தம், தம் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் ஒரு மாதம் முன்பிருந்தே எடுத்து ஆராய்வது. சொந்த மாவட்டத்தின் முதன்மைப் பயிர் எது, பாசனம் எங்கிருந்து, இளைஞர் எந்த ஊருக்குப் பிழைக்கப் போகின்றனர், அரசுத் திட்டம் ஏதேனும் ஊரில் செயல்படுவதை நேரில் பார்த்ததுண்டா? இவற்றுக்கு விடை நூலகத்தில் இல்லை. ஊருக்குச் சென்று ஊராட்சி அலுவலகத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டறிய வேண்டும். பட்டப் பாடத்தைப் பொறுத்தவரை, அதன் அடிப்படைக் கருத்து ஒன்றைப் படிக்காத ஒருவருக்கு விளங்கும்படி தம் மொழியில் சொல்லிப் பழகுவது நல்ல பயிற்சி. வீட்டிலுள்ள பெரியவரிடம் பணவீக்கத்தை விளக்க முடிந்தவர் குழுவிடமும் விளக்குவார். அட்டவணை மொழிகளில் நேர்முகத்தை எதிர்கொள்ள வழியிருப்பதையும் மறக்கலாகாது. இடறும் ஆங்கிலத்தைவிடத் தெளிந்த தாய்மொழி மேல்.

இடைவெளி ஆண்டுகளைப் பற்றிய வினா எல்லாரும் அஞ்சும் வினா. படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் என்ன செய்தீர்கள்? 'குடும்பச் சூழ்நிலை' என்று சொல்லி நிறுத்துவோர் உண்டு. மூன்று முறை எழுதினேன், இரு முறை முதல்நிலையிலேயே தவறினேன், வாடகைக்காகப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தேன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் வராததன் காரணம் அப்போதுதான் புரிந்தது என்று சொன்னவரும் உண்டு. தோல்வியைச் சொன்னதால் அவர் மதிப்புக் குறையவில்லை. ஆனால் அவருக்குச் சொல்வதற்கு அந்தக் கணித வகுப்பு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் ஏதேனும் ஒரு வேலையை, சிறிதாயினும், செய்வதன் பயன் வருவாயோடு நிற்பதில்லை.

தெரியாத வினாவுக்குத் தெரியாது என்பதே விடை. ஊகிக்க விரும்பினால் ஊகம் என்று கூறி இசைவு கேட்டு ஊகிக்கலாம். மாதிரி நேர்முகங்கள் இரண்டு மூன்று போதும், கூச்சம் தெளியும். பத்துப் பன்னிரண்டு என்று போனால் விடைகள் வார்ப்படம் ஆகிவிடும். தம் குறை அளவுக்கு மீறி உழைப்பது என்று காலையிலிருந்து நால்வர் சொல்லக் கேட்ட குழு, ஐந்தாமவர் அதைத் தொடங்கும்போதே அடுத்த வினாவுக்குச் சென்றுவிடும். உடை தூய்மையாக இருந்தால் போதுமானது. அதைப் பற்றி எழுதப்பெறும் பக்கங்கள் மிகை.

குழுவில் அமர்வோர்க்கு

இவ்விதழின் வாசகர்களில் தேர்வுக் குழுக்களில் அமரும் அலுவலர்களும் உளர். எட்வர்ட் தார்ன்டைக் என்னும் அமெரிக்க உளவியலார் 1920-இல், படை அலுவலர்கள் தம் கீழுள்ளோர்க்கு அளித்த மதிப்பீடுகளை ஆராய்ந்தார். தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு எனத் தனித்தனியே இட வேண்டிய மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒட்டியே சென்றன. ஒரு பண்பில் ஏற்பட்ட நல்லெண்ணம் மற்றவற்றின் மீதும் ஒளி வீசியது. நாமும் அவ்வாறே செய்கிறோம். நல்ல ஆங்கில உச்சரிப்புக்கு நாம் இடும் மதிப்பெண்ணில் எவ்வளவு அறிவுக்கு உரியது, எவ்வளவு பள்ளிக் கட்டணத்திற்கு உரியது? எல்லாரிடமும் சில பொது வினாக்களையேனும் ஒரே முறையில் கேட்பதும், கலந்து பேசுமுன் ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே மதிப்பெண் குறிப்பதும் இப்பிழையைக் குறைக்கும். காய்கறி மண்டி இளைஞரிடம் மூன்றாம் முறை வினவிய உறுப்பினர் அன்று விட்டிருந்தால், அவரைப் பாட நூல் ஒப்பிப்பவர் என்றே குழு குறித்திருக்கும். அந்த மூன்றாவது வினாவுக்கு நேரம் வேண்டும். ஒரு நாளில் எத்தனை பேரை அழைப்பது என்று அட்டவணை தயாரிக்கும் பிரிவு அலுவலரே அந்த நேரத்தை வழங்குபவரும் மறுப்பவரும் ஆகிறார்.

புது தில்லி ஷாஜகான் சாலையிலுள்ள தோல்பூர் இல்லத்திற்கு நேர்முகத்திற்கு வரும் வெளியூர் விண்ணப்பதாரர்க்கு இரயில் கட்டணம் விதிகளுக்குட்பட்டுத் திருப்பித் தரப்படுகிறது. அதற்குரிய படிவத்தை முன்னரே நிரப்பி, பயணச் சீட்டுடன் எடுத்து வர வேண்டும். இந்தத் தொகை உண்மையில் தேவைப்படுவோரே கேட்கக் கூசி விட்டுவிடுகின்றனர். அழைப்புக் கடிதத்திலேயே குறிக்கப்பெற்றுள்ள உரிமை அது. கேட்பதால் மதிப்பெண்ணில் எவ்வித மாற்றமும் நிகழ்வதில்லை.